குழந்தைகளுக்கு வாய்வழி ஆன்டிபயாடிக்: பெற்றோர் அறிய வேண்டியவை

ஆன்டிபயாடிக் எனப்படும் நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து பாக்டீரியாவை மட்டுமே அழிக்கும். சளி, சாதாரண இருமல், பெரும்பாலான காய்ச்சல்கள் வைரஸால் வருபவை. அவற்றுக்கு இம்மருந்து பயன்படாது. சாதாரண வயிற்றுப்போக்கிற்கு ஓ.ஆர்.எஸ். கரைசலும் துத்தநாக மாத்திரையுமே உரிய சிகிச்சை.

எப்போது தேவைப்படும்?

நிமோனியா, பாக்டீரியாவால் வரும் தொண்டை அழற்சி, சில வகைக் காதுத் தொற்றுகள், சீழ்க்கொப்புளம், சிறுநீர்த் தொற்று ஆகியவற்றுக்கு மருத்துவர் இதனைப் பரிந்துரைப்பார். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொண்டை அழற்சிக்கு வழக்கமாக 10 நாள்கள் மருந்து தரப்படும். வலி குறைந்ததும் இடையில் நிறுத்தினால், பின்னர் இதய வால்வைப் பாதிக்கும் ருமாட்டிக் காய்ச்சல் வர வாய்ப்புண்டு.

மருந்தைக் கலக்கும் முறை

பொடியாக உள்ள மருந்துப் புட்டியை முதலில் குலுக்கவும். காய்ச்சி ஆறவைத்த குடிநீரைக் குறியீட்டுக்குச் சற்றுக் கீழே வரை ஊற்றிக் குலுக்கவும். நுரை அடங்கியபின் குறியீடு வரை நிரப்பவும். உவர்நீரோ சூடான நீரோ கூடாது. கலந்த தேதியைப் புட்டியில் எழுதவும். கலந்த அமாக்சிசிலின் மருந்தைப் பொதுவாக 7 நாள்களுக்குமேல் பயன்படுத்தக் கூடாது.

கொற்கை, புன்னைக்காயல், வேம்பார், மணப்பாடு போன்ற ஊர்களில் வெயில் கடுமையானது. வீட்டில் குளிர்பதனப் பெட்டி இல்லையெனில் மருத்துவரிடம் முன்னரே தெரிவிக்கவும். நீரில் கரையும் அமாக்சிசிலின் மாத்திரை பல குழந்தைகளுக்கு ஏற்ற மாற்றாகும்.

கொடுக்கும் முறை

• மருந்தின் அளவு குழந்தையின் எடையைப் பொறுத்தது. 5 மி.லி.க்கு 125 மி.கி., 250 மி.கி. என ஒரே மருந்து இரு வலிமைகளில் கிடைப்பதால் புட்டியைச் சரிபார்க்கவும்.
• வீட்டுக் கரண்டியைத் தவிர்த்து, அளவுமூடி அல்லது ஊசியில்லாச் சிரிஞ்சைப் பயன்படுத்தவும்.
• தந்தை கடலுக்குச் சென்றிருக்கும் நாள்களில் தாய், பாட்டி எனப் பலர் மருந்து கொடுக்க நேரலாம். இருமுறை கொடுப்பதைத் தவிர்க்க, கொடுத்த நேரத்தைத் தாளில் குறிக்கவும்.
• ஒரு வேளை தவறினால் நினைவு வந்ததும் கொடுக்கவும். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் தவறியதை விட்டுவிடவும். இரட்டிப்பாகக் கொடுக்கக் கூடாது.
• மீதமுள்ள மருந்தை வேறு குழந்தைக்கோ அடுத்த காய்ச்சலுக்கோ கொடுக்கக் கூடாது.

அட்டையில் சிவப்புக் கோடுள்ள மருந்துகளை மருத்துவர் சீட்டின்றி வாங்கக் கூடாது. தேவையின்றி உட்கொண்டால் பாக்டீரியா எதிர்ப்புத் திறன் பெறும். உண்மையில் தேவைப்படும்போது மருந்து பலனளிக்காமல் போகலாம்.

உடனே மருத்துவமனைக்குச் செல்க

• குழந்தை அமைதியாக இருக்கையில் ஒரு நிமிடத்தில் மூச்சின் எண்ணிக்கை: 2 மாதத்திற்குள் 60, 2 முதல் 12 மாதம் வரை 50, 1 முதல் 5 வயது வரை 40 அல்லது அதற்குமேல் இருத்தல்
• மூச்சிழுக்கையில் மார்பு உள்வாங்குதல்
• பால் அல்லது நீர் அருந்த இயலாமை, வலிப்பு, அசாதாரணத் தூக்கம்
• மருந்து தொடங்கி 2 நாள்களாகியும் காய்ச்சல் குறையாமை

மருந்து கொடுத்தபின் உடலெங்கும் தடிப்பு, முகவீக்கம், மூச்சுத்திணறல் தோன்றினால் மருந்தை நிறுத்தி உடனே 108-ஐ அழைக்கவும். புட்டியையும் மருந்துச் சீட்டையும் மறவாமல் எடுத்துச் செல்லவும்.