வானொலி அனுமதிப்பத்திரத்திலிருந்து நீலக்குறி வரை

"அரசாங்கம் பேச்சில கைவைக்கக்கூடாது" எண்டு அமெரிக்கப் பழமைவாதிகள் இண்டைக்கு ஐரோப்பாவுக்குச் சொல்கிறார்கள். அவர்கள் எப்போதும் அந்தப் பக்கம் நின்றார்களா?

சர்ச்சைக்குரிய விடயங்களில் வானொலி, தொலைக்காட்சி நிலையங்கள் மறுதரப்புக்கும் இடம் கொடுக்க வேண்டும் என 1949இல் அமெரிக்கத் தொடர்பாடல் ஆணைக்குழு விதித்தது. 1987இல் காங்கிரஸ் அதைச் சட்டமாக்க முயன்றபோது ஜனாதிபதி ரீகன் வீட்டோ செய்தார். ஆணைக்குழுவும் விதியைக் கைவிட்டது. வேடிக்கை என்னவென்றால், பிலிஸ் ஷ்லாஃப்லி போன்ற பழமைவாதிகளே விதி இருக்கட்டும் என்றார்கள். பெரிய ஊடகங்கள் தங்களைப் பேசவிடாது என்ற பயம். நடந்தது வேற. அடுத்த வருடமே ரஷ் லிம்போவின் குரல் நாடு முழுக்கக் கேட்டது. வானொலி வலதுசாரிகளின் கோட்டையானது.

அதே பயம் 2021இல் திரும்பவும் வந்தது. ட்ரம்பின் கணக்கை ட்விட்டர் மூடியது. கருத்தைப் பார்த்துப் பதிவுகளை நீக்கக்கூடாதென்று பெரிய தளங்களுக்கு டெக்சாஸ் சட்டம் போட்டது.

2025 பெப்ரவரியில், ஐரோப்பாவில் பேச்சுச் சுதந்திரம் தேய்கிறது என்று உப ஜனாதிபதி வான்ஸ் மியூனிக்கில் சாடினார். டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் எக்ஸ் தளத்துக்கு 12 கோடி யூரோ தண்டம் விதித்தபோது, வாஷிங்டன் தணிக்கை என்று கொதித்தது. தண்டமோ நீலக்குறி, விளம்பர விபரங்கள், ஆய்வாளர்களுக்கான தரவு பற்றியது.

இடையில், செப்டெம்பரில், அதே ஆணைக்குழுவின் தலைவர் பிரண்டன் கார், ஜிம்மி கிம்மலின் பேச்சுக்காக ஏபிசி நிலையங்களை மிரட்டினார். குடியரசுக் கட்சியின் டெட் குரூஸ் எதிர்த்தார்: நாளைக்கு ஆட்சி மாறினால் இது எங்கள் மேலேயே திரும்பும். அவருக்குக் கிம்மலின் பேச்சு துளியும் பிடிக்கவில்லை. ஆனாலும் சொன்னார். இப்படிப்பட்ட ஆக்கள் சொன்னால்தான் ஐரோப்பாவும் காது கொடுக்கும்.