ஒரு மாத்திரை காஞ்சிக்கு வந்த வழி

காஞ்சிபுரத்துக்குப் பட்டு நூல் கர்நாடகத்திலிருந்து வருகிறது. ஜரிகை சூரத்திலிருந்து வருகிறது. வெளியூர்ச் சரக்கில் உள்ளூர்க் கைகள் செய்யும் வேலைதான் இந்த ஊரின் புகழ். இதே ஊரின் அரசு தலைமை மருத்துவமனைக்கு இன்னொரு சரக்கும் வெகுதூரத்திலிருந்து வந்து சேர்கிறது. முப்பது மாத்திரைகள் கொண்ட சிறிய பிளாஸ்டிக் டப்பா அது. ஏ.ஆர்.டி. எனப்படும் எச்.ஐ.வி. சிகிச்சை மையத்தில் அட்டையில் குறித்துக்கொண்டு கொடுப்பார்கள், காசு கிடையாது. டெனோஃபோவிர் 300 மில்லிகிராம், லாமிவுடின் 300, டோலுடெக்ராவிர் 50 என மூன்று மருந்துகள் ஒரே மாத்திரையில் இருக்கின்றன. மையத்தில் அதை டி.எல்.டி. என்பார்கள். எச்.ஐ.வி. உள்ள ஒருவர் காலத்தோடு சிகிச்சையைத் தொடங்கி, நாள் தவறாமல் இதை விழுங்கிவந்தால், மற்றவர்களைப் போலவே முதுமை வரை வாழலாம்.

இந்த மாத்திரைக்கு ஒரே பிறந்த ஊர் இல்லை. டெனோஃபோவிரின் வேர் பிராகா நகரத்தில் இருக்கிறது. அங்கே வேதியியலாளர் அன்டோனின் ஹோலி மூலக்கூறுகளை உருவாக்க, பெல்ஜியத்தின் லூவன் நகரில் எரிக் டி கிளர்க் அவற்றை வைரஸ்களின் மீது சோதித்தார். லாமிவுடின் கனடாவில், பெர்னார்ட் பெல்லோவின் ஆய்வில் பிறந்தது. டோலுடெக்ராவிரின் பிறப்பில் ஜப்பானின் ஷியோனோகி நிறுவனத்துக்குப் பங்கு உண்டு. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு லாமிவுடினுக்கு 1995-லும், டெனோஃபோவிருக்கு 2001-லும், டோலுடெக்ராவிருக்கு 2013-லும் அனுமதி தந்தது.

மூன்றும் செய்யும் வேலை வேறு வேறு. எச்.ஐ.வி. நம் நோய் எதிர்ப்புக்கான சி.டி.4 உயிரணுவுக்குள் நுழைந்ததும் தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றி எழுதும். டெனோஃபோவிரும் லாமிவுடினும் அந்த எழுத்தில் பொய்யான எழுத்தாகப் போய் உட்கார்ந்து வரியை அங்கேயே நிறுத்திவிடுகின்றன. தப்பித்து எழுதப்பட்டது நம் உயிரணுவின் டி.என்.ஏ.வோடு ஒட்டிக்கொள்ளாமல் டோலுடெக்ராவிர் தடுக்கிறது. முன்பே ஒட்டிக்கொண்டு உறங்கும் வைரஸை மட்டும் எந்த மாத்திரையாலும் துடைத்தெடுக்க முடியவில்லை. அதனால்தான் வாழ்நாள் முழுதும் மாத்திரை.

மாத்திரைக்கு வெகுகாலம் முன்பே நோய் நம்மிடம் வந்துவிட்டது. 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்ட, மாணவியாக இருந்த டாக்டர் செல்லப்பன் நிர்மலா சேகரித்த ரத்த மாதிரிகள் வேலூர் சி.எம்.சி.யில் சோதிக்கப்பட்டன. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது அங்கேதான் முதன்முதலில் தெரிந்தது. அடுத்த ஆண்டு அமெரிக்காவில் ஜிடோவுடின் என்ற முதல் மருந்துக்கு அனுமதி கிடைத்தது. 1996-ல், மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் சாவின் விளிம்பில் இருப்பவரும் எழுந்து நடப்பார் என்பது உலகுக்குத் தெரிந்தது. ஆனால் அந்தக் கூட்டு மருந்தின் விலை ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல். தறிக்கூலியில் குடும்பம் நடத்துபவருக்கு அது இருந்தும் இல்லாத மருந்து.

அந்த ஆண்டுகளில் வட தமிழ்நாட்டு நோயாளிகளுக்குக் கதவு திறந்திருந்த இடம் தாம்பரம் சானடோரியம். 1928-ல் டாக்டர் டேவிட் சௌரி முத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய மருத்துவமனை அது. எச்.ஐ.வி. என்றாலே படுக்கை தரத் தயங்கிய 1990-களில், டாக்டர் செ. நெ. தெய்வநாயகத்தின் பொறுப்பில் அங்கே அவர்களைச் சேர்த்துக்கொண்டார்கள். காசநோய்க்கும் வயிற்றுப்போக்குக்கும் மருந்து தர முடிந்தது. வைரஸுக்குத் தர ஒன்றும் இல்லை. நாட்டின் மிகப் பெரிய எய்ட்ஸ் சிகிச்சை மையங்களில் ஒன்றாக வளர்ந்த அந்த மருத்துவமனை, 2019-ல் செங்கல்பட்டு மாவட்டம் பிரியும் வரை காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது.

விலை என்ற மதில் உடைந்ததற்குக் காரணம் நம் நாட்டின் ஒரு சட்டம். 1970-ன் காப்புரிமைச் சட்டம் மருந்துக்குக் காப்புரிமை தரவில்லை, செய்முறைக்கு மட்டுமே தந்தது. ஆகவே இந்திய நிறுவனங்கள் வேறு வழியில் அதே மருந்தைச் செய்யலாம். ஹைதராபாத்தில் இந்திய வேதியியல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஏ. வி. ராமராவ் ஜிடோவுடினுக்கு அப்படி ஒரு வழி கண்டார். சிப்லா நிறுவனம் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 2001 பிப்ரவரியில் சிப்லாவின் யூசுப் ஹமீத், மூன்று மருந்துகளின் கூட்டை எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருவதாக அறிவித்தார். நாளுக்கு ஒரு டாலருக்கும் குறைவு. உலகமே திரும்பிப் பார்த்தது.

திரும்பிப் பார்த்த உலகத்தோடு நம் அரசும் அசைய மூன்று ஆண்டுகள் ஆயின. சும்மா ஆகவில்லை. கௌசல்யா பெரியசாமி போன்றவர்கள் 1998-ல் எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்காக அமைப்பு தொடங்கி, முகத்தை மறைக்காமல் மேடையில் நின்று உரிமை கேட்டார்கள். 2004 ஏப்ரல் 1 அன்று நாட்டின் எட்டு இடங்களில் இலவசக் கூட்டு மருந்து தொடங்கியது. அவற்றில் ஒன்று தாம்பரம். காஞ்சியிலிருந்து செங்கல்பட்டு வழியாக ரயிலேறித் தாம்பரத்தில் வரிசையில் நின்றால் ஒரு நாள் கூலி போய்விடும். ஆனாலும் உயிர் கையில் இருந்தது. பிறகு மையங்கள் மாவட்டங்களுக்குப் பரவின. மாத்திரை காஞ்சிக்கே வந்தது.

வந்த மாத்திரையும் மாறிக்கொண்டே வந்தது. தொடக்கத்தில் தந்த ஸ்டாவுடின் கன்னத்தை ஒடுக்கியது, பாதத்தில் எரிச்சல் தந்தது. ஒடுங்கிய முகமே தெருவில் காட்டிக்கொடுத்துவிடும் என்று பலர் அஞ்சினார்கள். ஜிடோவுடின் சிலருக்கு ரத்தசோகை தந்தது. எஃபாவிரென்ஸ் தலைசுற்றலையும் கெட்ட கனவுகளையும் கொடுத்தது. டி.எல்.டி. இவற்றையெல்லாம்விட உடலுக்கு இணக்கமானது; சிலருக்கு எடை கூடும், தூக்கம் கெடும். தொடக்கத்தில் சி.டி.4 எண்ணிக்கை 200-க்குக் கீழே இறங்கும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2017-லிருந்து, தொற்று உறுதியானாலே சிகிச்சை. விலையோ, 2023-ல் எய்ட்ஸ் ஒழிப்புக்கு நிதி தரும் உலக நிதியம் பெற்ற கணக்கில் ஆண்டுக்கு 45 டாலருக்கும் கீழே வந்துவிட்டது.

எச்.ஐ.வி. மருந்து பற்றிய ஒரு பெரிய உண்மையைக் கண்டு சொன்னதில் சென்னைக்கும் பங்கு உண்டு. ஒருவருக்கு மட்டும் எச்.ஐ.வி. உள்ள தம்பதியரைக் கொண்டு ஒன்பது நாடுகளில் நடந்த எச்.பி.டி.என். 052 ஆய்வில் சென்னையும் இடம்பெற்றது. காலத்தோடு மருந்து தொடங்கியவர்களிடமிருந்து துணைக்குப் பரவுவது 96 விழுக்காடு குறைந்ததாக 2011-ல் தெரிந்தது. இன்று உலக சுகாதார நிறுவனம் தெளிவாகவே சொல்கிறது: பரிசோதனையில் தெரியாத அளவுக்கு வைரஸ் அடங்கிவிட்டவரிடமிருந்து உடலுறவு வழியாக அது பரவாது. கருவுற்ற தாய் மருந்து எடுத்தால் குழந்தைக்குப் பரவும் வாய்ப்பையும் 5 விழுக்காட்டுக்குக் கீழே கொண்டுவர முடியும். கல்யாணம், பிள்ளை, பேரப்பிள்ளை எல்லாம் இந்த வாழ்க்கைக்குள் அடங்கும்.

நீண்டு வாழ்பவருக்கு முதுமையின் நோய்களும் வரும். ஆகவே ரத்தத்தில் வைரஸின் அளவைக் காட்டும் வைரல் லோடு பரிசோதனையோடு ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். புகையிலையை விட வேண்டும். பெண்கள் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது. இருமல் நீடித்தால் உடனே காசநோய்ப் பரிசோதனை தேவை. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவருக்கு டோலுடெக்ராவிர் கூடுதலாக ஒரு வேளை தேவைப்படும். வெறும் வயிற்றில் டி.எல்.டி. விழுங்குபவர் கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைக்கு 2 மணி நேரம் முன்போ, அவற்றை எடுத்து 6 மணி நேரம் கழித்தோ விழுங்க வேண்டும். இவற்றையெல்லாம் மையத்தின் ஆலோசகரிடம் கூச்சமின்றிக் கேட்கலாம்.

இனி மீதியிருப்பது பயணத்தின் மிகக் குறுகிய தூரம்தான்: மருத்துவமனை வாசலிலிருந்து பிள்ளையார்பாளையத்துத் தறி வீட்டின் அலமாரி வரை. பிராகாவிலிருந்து வந்த மருந்து பல வேளைகளில் தடுக்கி விழுவது இங்கேதான். டப்பாவின் லேபிளைக் கிழிக்கிறார்கள், மாத்திரையை வேறு டப்பாவுக்கு மாற்றுகிறார்கள், உறவினர் வந்திருக்கும் நாளில் விழுங்காமல் விட்டுவிடுகிறார்கள். விட்ட நாட்கள் சேர்ந்தால் வைரஸ் மீண்டும் தலைதூக்கும், மருந்துக்குக் கட்டுப்படாமலும் போகலாம். ஒருவரின் நிலையை அவர் சம்மதமில்லாமல் வெளியே சொல்வதையும், வேலையிலும் மருத்துவமனையிலும் அவரை ஒதுக்குவதையும் 2017-ன் எச்.ஐ.வி. சட்டம் தடைசெய்கிறது. 2018 செப்டம்பர் முதல் அது நடைமுறையில் இருக்கிறது. ஆனால் உறவினர் எதிரிலும் தண்ணீர்ச் சொம்பை எடுத்து மாத்திரையை விழுங்கும் தைரியத்தைச் சட்டம் தராது. வீடும் தெருவும்தான் தர வேண்டும்.

காஞ்சிக்காரர்கள் ஆயுளை அளக்க ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: அத்தி வரதரை எத்தனை முறை சேவித்தோம்? நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை அத்திமரப் பெருமாளான அவர் அனந்தசரஸ் குளத்திலிருந்து வெளிவருகிறார். 1979-ல் அவர் வந்தபோது எய்ட்ஸ் என்ற பெயரே உலகில் இல்லை. 2019-ல் வந்தபோது காஞ்சியில் மாத்திரை இலவசம். அந்த ஆண்டு இருபத்தைந்து வயதில் சிகிச்சை தொடங்கிய ஒருவர், 2059-ல் அத்தி வரதர் மீண்டும் எழும்போது அறுபத்தைந்து வயதில் வரிசையில் நிற்பார் என்று எதிர்பார்ப்பது ஆசை அல்ல, மருத்துவம் தரும் நியாயமான கணக்கு. அதற்கு அவர் செய்ய வேண்டியது தினமும் ஒரு மாத்திரை. நாம் செய்ய வேண்டியது, அதை அவர் ஒளிந்து விழுங்கத் தேவையில்லாத ஊராக இதை ஆக்குவது.