வெள்ளி டாலர் பெட்டிக்குள் போன கதை

1949இல் வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்க உளவியலாளர் தன் நாட்டின் பழைய செப்புச் சென்ட்களைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். மனிதர்களின் உடல்வாகை எண்களால் வகைப்படுத்திப் பெயர் வாங்கியவர் அவர். அதே வழக்கத்தைக் காசுகளுக்கும் கொண்டுவந்தார். இன்ன காசு என்று அடையாளம் தெரிகிற அளவுக்கு மட்டும் மிஞ்சிய சென்ட்டுக்கு 1. அச்சிலிருந்து இந்த நிமிடம் விழுந்தது போல இருப்பதற்கு 70. இடையில் 12, 20, 40, 50 என்று படிகள். அன்றைய சந்தையில் 1794ஆம் ஆண்டுச் சென்ட்களில் மிகச் சிறந்தது மிக மட்டமானதைப் போல் ஏறக்குறைய 70 மடங்கு விலை போயிற்று. உச்ச எண் 70 ஆனதற்கு அதைத் தவிர வேறு காரணம் இல்லை. அடிமட்டக் காசின் விலை 2 டாலர் என்றால் 20ஆம் எண் காசு 40 டாலர். ஷெல்டன் கொடுத்தது விலை சொல்லும் வாய்பாடு.

சில ஆண்டுகளிலேயே அந்தக் கணக்குச் சந்தையில் எடுபடாமல் போனது. நல்ல காசுகளின் விலை பெருக்கலை மீறி ஏறிவிட்டது. ஆனால் எண்கள் போகவில்லை. இன்று உலகம் முழுக்கப் பழைய வெள்ளிக்காசுகளை மூடிவைக்கும் பிளாஸ்டிக் பெட்டிமேல் அச்சாகும் 63, 64, 65 எல்லாம் ஒரு செப்புக்காசின் விலைப்பட்டியலில் பிறந்தவை.

நாணயவியல் உலகம் எளிதில் மறக்காத இன்னொரு செய்தியும் ஷெல்டனைப் பற்றி உண்டு. அமெரிக்க நாணயவியல் கழகத்தின் சேகரிப்பில் இருந்த உயர்ந்த சென்ட்களை எடுத்துக்கொண்டு, அந்தந்த இடத்தில் தரம் குறைந்தவற்றை அவர் வைத்திருந்தது பின்னாளில் வெளிவந்தது. திறந்த தட்டில் இருக்கும் காசை யாரும் மாற்றிவைத்துவிடலாம். தரத்துக்கு எண் கொடுத்தவரே இதற்கும் சாட்சியாகிப் போனார்.

வெள்ளிக்கு வருவோம். அமெரிக்காவில் இந்தச் சேகரிப்பின் நடுநாயகம் மார்கன் டாலர். ஜார்ஜ் மார்கன் என்ற செதுக்குநரின் வேலை. 1878 முதல் 1904 வரையும், பிறகு 1921இலும் அடிக்கப்பட்டது. எடை 26.73 கிராம், அதில் 90 விழுக்காடு வெள்ளி. ஒரு பக்கம் சுதந்திரதேவியின் தலை, மறுபக்கம் கழுகு. சுரங்க முதலாளிகளுக்கு ஆதரவாக 1878இல் வந்த சட்டம் ஒவ்வொரு மாதமும் அரசு வெள்ளி வாங்கிக் காசடிக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. மக்களுக்கு அத்தனை கனமான காசு தேவைப்படவில்லை. கோடிக்கணக்கில் அடித்து, ஆயிரம் ஆயிரமாகத் துணிப்பைகளில் கட்டி, கருவூல அறைகளில் அடுக்கினார்கள்.

1918இல் அந்தக் குவியலுக்கு ஒரு வழி பிறந்தது, அதுவும் இந்தியாவால். முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. இந்தியாவில் காகித நோட்டைக் கொடுத்து வெள்ளி ரூபாய் கேட்டவர்களுக்குக் கொடுக்கப் போதிய வெள்ளி இல்லாமல் பிரிட்டிஷ் அரசு திண்டாடியது. அமெரிக்கா பிட்மன் சட்டம் இயற்றி 27 கோடிக்கும் அதிகமான வெள்ளி டாலர்களை உருக்கியது. அந்த வெள்ளியில் பெரும்பகுதியைப் பிரிட்டன் வாங்கி இந்தியாவுக்கு அனுப்பியது. நம் வீட்டுப் பழைய பெட்டியில் கிடக்கும் ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் உள்ள வெள்ளி ஒரு காலத்தில் மார்கன் டாலராக இருந்திருக்கக்கூடும். எந்த ஆண்டுக் காசு, எந்த அக்கசாலைக் காசு எவ்வளவு உருகியது என்று கணக்கு வைக்கவில்லை. எது அரிது, எது மலிவு என்ற குழப்பம் அரை நூற்றாண்டு நீடித்ததற்கு இது ஒரு பெரிய காரணம்.

உருகாமல் தப்பியவை 1960களின் தொடக்கத்தில் பைபையாக வெளியே வந்தன. அதுவரை எட்டாக்கனியாக இருந்த நியூ ஆர்லியன்ஸ் அக்கசாலையின் 1903 டாலர், 1962இல் கருவூலப் பைகள் திறந்ததும் மளமளவென்று விலை இறங்கியது. வெள்ளிச் சான்றிதழ் என்ற காகிதப் பணத்தைக் கொடுத்து வெள்ளி டாலர் வாங்க வாஷிங்டனில் வரிசை நின்றது. 1964 மார்ச்சில் அரசு அதை நிறுத்தியபோது மிஞ்சியவற்றில் பெரும்பாலானவை நெவாடாவின் கார்சன் சிட்டி அக்கசாலைக் காசுகள். அவற்றை 1972 முதல் 1980 வரை அரசே தபாலில் விற்றது, பெரும்பாலானவற்றைக் கெட்டியான பிளாஸ்டிக் உறையில் வைத்து. தர எண் எதுவும் குறிக்காத அந்த உறையைத்தான் பின்னால் வந்த பெட்டிகளின் மூத்த அண்ணன் என்று நான் சொல்வேன்.

இந்தப் பைகளால் ஒரு புதிய சிக்கலும் வந்தது. ஆயிரம் டாலர் கொண்ட பை கிட்டத்தட்ட 27 கிலோ. தூக்கிப் போடும்போதும் எண்ணும்போதும் உள்ளே காசோடு காசு இடிபடும். கடைத்தெருவையே பார்க்காத காசின் கன்னத்திலும் கீறல் விழும். ஆகவே புழங்காத காசுகள் எல்லாம் ஒரே தரம் இல்லை. அவற்றைப் பிரிக்க 60 முதல் 70 வரை உள்ள எண்கள் தேவைப்பட்டன. 1977இல் அமெரிக்க நாணயவியல் சங்கம் ஷெல்டனின் எண்வரிசையை எல்லா அமெரிக்கக் காசுகளுக்கும் ஏற்றுக்கொண்டது. எண் வந்தது, அதை யார் சொல்வது என்பது தீரவில்லை. விற்கும்போது வியாபாரி 65 என்பார். அதே காசைத் திருப்பி விற்கப் போனால் 63 என்பார். அந்த இரண்டு எண்ணுக்கு இடையில் பல குடும்பங்களின் சேமிப்பு கரைந்தது. வெள்ளி விலை 1980 ஜனவரியில் அவுன்ஸுக்கு 50 டாலரை நெருங்கியபோது இந்த ஏமாற்றம் இன்னும் பெருகியது.

சங்கம் 1972லேயே காசு அசலா போலியா என்று சொல்லும் சேவையைத் தொடங்கியிருந்தது. 1979இல் தர எண்ணும் கொடுத்து, காசின் புகைப்படம் ஒட்டிய சான்றிதழ் தந்தது. நல்ல முயற்சிதான். ஆனால் காசு ஓரிடம், காகிதம் ஓரிடம். சான்றிதழ் பெற்ற காசை வைத்துக்கொண்டு, பார்வைக்கு ஒத்துப்போகும் தாழ்ந்த காசை அந்தக் காகிதத்தோடு விற்க முடிந்தது.

அதற்கு விடையாக 1986 பிப்ரவரியில் கலிபோர்னியாவில் பிசிஜிஎஸ் நிறுவனம் வேலையைத் தொடங்கியது. டேவிட் ஹால் முதலிய சில நாணய வியாபாரிகள் சேர்ந்து அமைத்தது. உரிமையாளர் யாரென்று தெரியாமல் பல மதிப்பீட்டாளர்கள் தனித்தனியே பார்த்து எண் சொல்வார்கள். பிறகு காசும் அந்த எண்ணும் ஒரே பிளாஸ்டிக் பெட்டிக்குள் மூடி ஒட்டப்படும். உடைக்காமல் திறக்க முடியாது. ஆங்கிலத்தில் சேகரிப்பாளர்கள் இதை ஸ்லாப் என்பார்கள். எண் தவறு என்று தெரிந்தால் நிறுவனமே ஈடு செய்யும் என்ற உத்தரவாதமும் உண்டு. அந்தப் பெட்டிகளைப் பார்க்காமலேயே வாங்க வியாபாரிகளின் வலையமைப்பு ஒப்புக்கொண்டது. அடுத்த ஆண்டே ஜான் அல்பனீஸ் முன்னின்று என்ஜிசி நிறுவனம் வந்தது.

பெட்டி பிறந்தது பெரிய பணத்துக்காக. பங்குச்சந்தை நிறுவனங்களும் இதில் இறங்கின. 1989இல் விலை உச்சம் தொட்டது, பிறகு சரிந்தது. அப்போது யாரும் எண்ணிப் பார்க்காத ஒன்று நடந்தது. எந்தக் காசுக்கு எந்த எண் எத்தனை முறை வந்தது என்று நிறுவனங்கள் பட்டியல் வெளியிட்டன. 1918இல் தொலைந்த கணக்கின் ஒரு பகுதி இப்படித்தான் மீண்டது. சிறிய பணத்தோடு வருகிறவருக்கு எந்த வியாபாரியும் சொல்லாத செய்தி அந்தப் பட்டியலில் கிடைத்தது. ஒரு தவறான வாங்கலைப் பெரும் செல்வந்தர் தாங்குவார். சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்குகிறவர் தாங்க மாட்டார். அதனால்தான் பெட்டியின் பயன் இரண்டாமவருக்கே அதிகம் என்பது என் உறுதியான எண்ணம்.

அவர் எங்கே கை வைக்க வேண்டும் என்பதையும் இந்த வரலாறே காட்டுகிறது. சான் பிரான்சிஸ்கோவில் 1884இல் அடித்த மார்கன் புழங்கிய நிலையில் எளிதாகக் கிடைக்கும். அதுவே 64ஆம் எண்ணில் என்றால் பெரும் பணக்காரர்களின் ஏலச்சரக்கு. புழங்கிய 40ஆம் எண் காசு அதே ஆண்டின் அதே அச்சுதான். காதுக்கு மேலே முடியும் கழுகின் மார்பும் கொஞ்சம் தேய்ந்திருக்கும், அவ்வளவே. 1893இல் அங்கே அடித்தது 1 லட்சம் மட்டும். அது எந்த நிலையிலும் சிறிய பணத்துக்கு அகப்படாது. அதைத் துரத்த வேண்டியதில்லை.

காசை நாமே அனுப்பி மதிப்பிடச் சொல்வதும் பெரும்பாலும் நட்டம்தான். மலிவான டாலருக்குக் கட்டணம் காசின் விலையையே தொட்டுவிடும். வேறொருவர் கட்டணம் கட்டி வந்த பெட்டியை வாங்குவதே மேல். பெட்டியையும் போலியாகச் செய்கிறார்கள். ஆகவே அதன்மேல் உள்ள பதிவெண்ணை நிறுவனத்தின் இணையப் பட்டியலில் தேடி, அங்குள்ள படத்தோடு ஒப்பிட்ட பிறகே பணம் கொடுக்க வேண்டும். 64க்கும் 65க்கும் விலை அகலமாகப் பிரிகிற ஆண்டுகளில் 64ஐ எடுத்து, கன்னத்தில் கீறல் குறைந்ததாகத் தேட வேண்டும். எண் ஒன்றுதான், அதற்குள்ளேயே அழகான காசும் உண்டு, அழகற்ற காசும் உண்டு. பெட்டி அதைச் சொல்லாது. நம் கண்தான் பார்க்க வேண்டும்.

முதல் பெட்டி எது என்று கேட்டால் நான் சொல்வது 1881ஆம் ஆண்டின் சான் பிரான்சிஸ்கோ மார்கன். 1 கோடியே 27 லட்சம் அடித்தார்கள். பைகளிலேயே ஏராளம் தூங்கின. நியூ ஆர்லியன்ஸ் காசுகளில் காதுக்கு மேலே அச்சு மங்கலாக விழுவது சகஜம். இதிலோ ஒவ்வொரு முடியிழையும் கூர்மையாக நிற்கும், வெளிச்சத்தில் சாய்த்தால் ஒளி வட்டமாகச் சுழலும். ஏராளமாகத் தப்பியதால் மலிவு. தரத்தில் குறைந்ததால் இல்லை.