புதுச்சேரிக் கரையை வரைந்தவர்கள்

1830-இல் ‘லா ஃபாவோரித்’ என்ற பிரெஞ்சுப் போர்க்கப்பல் உலகைச் சுற்றிவரும் வழியில் புதுச்சேரிக்கு எதிரே நங்கூரமிட்டது. கரையை ஒட்டி வர அதற்கு வழியில்லை. துறைமுகமும் கிடையாது, கடலுக்குள் நீளும் பாலமும் கிடையாது. கப்பலுக்கும் கரைக்கும் நடுவே மடிந்து மடிந்து விழும் அலைகளைக் கடந்து ஆளையும் சரக்கையும் கொண்டுசேர்க்க உள்ளூர்க்காரர்களின் சலங்குப் படகு வர வேண்டும். அந்தக் கப்பலில் எட்மோன் பாரி என்றொரு அதிகாரி இருந்தார், வயது 24. மற்றவர்கள் கரையேறும் அவசரத்தில் இருந்தபோது அவர் கண் சலங்கின் மீதே இருந்தது.

ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் படித்தவர்களுக்குச் சலங்கு புதிதல்ல. 18-ஆம் நூற்றாண்டுப் புதுச்சேரியின் வணிகம் முழுக்க அதன் முதுகில்தான் போய்வந்தது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துச் செய்த படகு அது, ஆணி கிடையாது. ஆணி அடித்த ஐரோப்பியப் படகு கரையலையில் மோதினால் பிளந்துவிடும். தைத்த படகோ நெளிந்து கொடுக்கும், அடி தரையில் தட்டினாலும் தாங்கும். சலங்கை வடிவமைத்ததில் தச்சருக்கு இருக்கும் பங்கு கரையலைக்கும் உண்டு என்று சொன்னால் மிகையாகாது.

கட்டுமரமும் அப்படித்தான். லேசான மரத்துண்டுகளைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் கயிற்றால் பிணைத்தால் கலம் தயார். அலை மேலே ஏறினால் இடுக்குகள் வழியே வடிந்துவிடும், மூழ்கடிக்க உள்ளே இடமே இல்லை. கரை சேர்ந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களை உலர்த்திவிடுவார்கள். இல்லாவிட்டால் மரம் ஊறிக் கனத்துவிடும்.

பாரி இவற்றைப் பார்த்து வியந்ததோடு நிற்கவில்லை. நீளம், அகலம், வளைவு எல்லாவற்றையும் அளந்தார். பாய் எப்படிக் கட்டுகிறார்கள், துடுப்பு எப்படிப் பிடிக்கிறார்கள், எந்தக் காற்றில் எந்தப் பக்கம் சாய்க்கிறார்கள் என்றெல்லாம் குறித்துக்கொண்டார். பல பயணங்களில் சேர்த்த இந்த வரைபடங்கள் ஐரோப்பாவுக்கு வெளியே உள்ள மக்களின் படகுக்கட்டுமானம் பற்றிய பெருநூலாக 1841 முதல் 1843 வரை பாரிஸில் வெளிவந்தன. 130-க்கும் மேற்பட்ட படத்தகடுகள். சோழமண்டலக் கரையின் சலங்குக்கும் கட்டுமரத்துக்கும் அதில் இடம் உண்டு. பின்னாளில், 1871 முதல் 1893-இல் இறக்கும்வரை, லூவ்ரில் இருந்த கடற்படை அருங்காட்சியகத்தின் பொறுப்பை அவர் ஏற்றிருந்தார். தம் வரைபடங்களைக் கொண்டு படகு மாதிரிகளையும் செய்ய வைத்தார்.

இவருக்கு அரை நூற்றாண்டு முன்பே பியேர் சொன்னரா என்ற இயற்கையியலாளர் புதுச்சேரியில் தங்கி வரைந்திருக்கிறார். 1782-இல் வந்த அவருடைய பயண நூலில் பறவையும் செடியும் தெய்வமும் தொழிலாளியும் அடுத்தடுத்து வருகின்றன. நம் காட்டுக்கோழியின் அறிவியல் பெயரில் இன்றும் சொன்னரா இருக்கிறார். ஆனால் அவர் ஓவியங்களில் மனிதர்களும் சேகரித்த மாதிரிகளைப் போலத்தான் நிற்கிறார்கள். பாரியின் படங்கள் அதற்கு ஒரு படி மேலே என்பேன். பெயர் தெரியாத ஒரு தச்சரின் அறிவை இன்னொரு பொறியாளரின் அறிவாக மதித்து வரைந்தவை அவை. அந்தத் தச்சரிடம் வரைபடம் எதுவும் இருந்ததில்லை. அளவெல்லாம் கையிலும் கண்ணிலும் இருந்தது.

பாரி வரைந்தது கலத்தை. அந்தக் கலம் ஏறிவந்த மணலை அவர் வரையவில்லை. அந்தக் குறை பிற்காலத்தில்தான் உறைத்தது.

நகரின் வடபக்கத்தில் குருசுக்குப்பத்தை அடுத்திருக்கும் வைத்திக்குப்பத்துக்கு மணல்தான் முற்றமாக இருந்தது. வலை உலர்த்துவது, கட்டுமரம் ஏற்றுவது, மீன் பிரிப்பது எல்லாம் அதன் மேல்தான் நடந்தன. மாசி மகத்தன்று மயிலம் முருகன், தீவனூர் பிள்ளையார், திண்டிவனத்துப் பெருமாள் எனப் பல ஊர்த் தெய்வங்கள் தீர்த்தவாரிக்கு வருவதும் இந்தக் கரைக்குத்தான். அன்று கடல் விருந்து கொடுக்கும் வீட்டுக்காரராகவும் சாமிகள் விருந்தாளிகளாகவும் இருப்பார்கள். கடலை ஓர் ஆளாக, அதுவும் மரியாதைக்குரிய ஆளாக, நடத்தும் பழக்கம் இந்த ஊருக்குப் புதிதல்ல.

அந்த ஆளின் நடையையும் மீனவர் அறிவார்கள். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றுக்குப் பெயர் இருப்பதுபோல நீரோட்டத்துக்கும் பெயருண்டு. தெற்கிலிருந்து வடக்கே ஓடுவது தெண்டி, வடக்கிலிருந்து தெற்கே ஓடுவது வன்னி. ஆண்டின் பெரும்பகுதி மணல் வடக்கு நோக்கி நகரும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் ஓரளவு திரும்பி வரும். கடலியல் ஆய்வாளர்கள் கருவி வைத்துச் சொல்வதும் இதையேதான்.

1989-இல் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகம் கட்டி முடிந்தது. அதன் அலைத்தடுப்புச் சுவர்கள் வடக்கே போகும் மணலை மறித்தன. தெற்கே வீராம்பட்டினம் பக்கம் மணல் குவிந்தது, வடக்கே நகரக் கரை கரைந்தது. தேங்கிய மணலை எடுத்து வடக்கே கொட்டும் ஏற்பாடு திட்டத்தில் இருந்தது, நடைமுறையில் சரியாக ஓடவில்லை. கடற்கரைச் சாலையைக் காக்கக் கருங்கல் கொட்டினார்கள். அரிப்பு அங்கே நிற்காமல் வடக்கே நகர்ந்து வைத்திக்குப்பம், சோலை நகர் தாண்டித் தமிழகக் குப்பங்களையும் பிடித்தது. முற்றம் போன இடத்தில் கல் நின்றது. 2004 சுனாமிக்குப் பிறகு கட்டுமரங்களும் வேகமாக மறைந்து ஃபைபர் படகுகள் நிறைந்தன.

இந்தக் காலத்தில்தான் டெல்லியிலிருந்து ரவி அகர்வால் இந்தக் கரைக்கு வந்தார். படிப்பால் பொறியாளர். நச்சுக் கழிவுகளை எதிர்த்து இயங்கும் ‘டாக்ஸிக்ஸ் லிங்க்’ அமைப்பின் நிறுவனர். 2002-இல் ஜெர்மனியின் டாக்குமென்டா 11 கண்காட்சியில் இடம்பெற்ற ஒளிப்படக் கலைஞர். யமுனையை ஆண்டுக்கணக்கில் படமெடுத்த பிறகு, 2013 முதல் 2015 வரை, புதுச்சேரியை ஒட்டிய ஒரு மீனவக் கிராமத்துக்குத் திரும்பத் திரும்ப வந்து மீனவர்களோடு கடலுக்குப் போனார், நாட்குறிப்பு எழுதினார். சங்கக் கவிதையின் திணைகளை மொழிபெயர்ப்பில் படித்து, நிலமும் நீரும் மரமும் பறவையும் மனித மனமும் ஒரே வரிசையில் நிற்கும் அந்தப் பார்வையை இன்றைய கடலோடு உரசிப் பார்த்தார். படகு எஞ்சினும் சங்கக் கவிதையும் அவர் படைப்புகளில் பக்கத்துப் பக்கத்தில் வருகின்றன. டீசல் விலைக்கும் நெய்தலின் இரங்கலுக்கும் என்ன உறவு என்று கேட்கும் துணிச்சல் நம் ஊர்க் கலைஞர்கள் பலருக்கு இன்னும் வரவில்லை.

இதிலும் ஒரு நெருடல் உண்டு. அறிவைக் கொடுப்பவர் குப்பத்திலும், அது காட்சியாவது பெருநகர ஓவியக்கூடத்திலும் என்ற ஏற்பாடு பாரி காலத்திலிருந்து பெரிதாக மாறவில்லை. மாற்றுவழி சென்னையில் தெரிகிறது. ஊரூர் குப்பத்து மீனவர் எஸ். பாளையம் காற்று, நீரோட்டம், கரையின் நிலை, கிடைத்த மீன் ஆகியவற்றைத் தாமே நாள்தோறும் குறித்து வைக்கத் தொடங்கினார். வெளியாள் வந்து வரைந்துகொண்டு போகும் வரை அவர் காத்திருக்கவில்லை.

2018-இல் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் புதுச்சேரித் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலடியில் எஃகுப் பாறைத்திட்டு ஒன்றை இறக்கியது. அலையின் வேகம் தணிந்து அங்கே மணல் திரும்பியது, சுற்றுலாப் பயணிகளும் வந்தார்கள். நல்ல வேலைதான். ஆனால் மணல் எந்தப் பக்கம் போகும் என்ற கேள்விக்கான விடை 1989-க்கு முன்பே இந்தக் கரையில் இருந்தது. கடலுக்குள் கல் அடுக்கிக் கட்டும் அடுத்த தூண்டில் வளைவுக்கோ துறைமுக விரிவாக்கத்துக்கோ திட்டம் போடுகிறவர்கள், வரைபடத்தை விரிக்கும் முன் வைத்திக்குப்பத்துப் பஞ்சாயத்தாரோடு ஒரு முழு நாள் உட்கார்ந்து பேச வேண்டும். கட்டுமரம் தள்ளிய பெரியவர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள்.