புத்தளத்துச் சாம்பலும் தீவகத்துக் கிணறும்

கொஞ்சம் நீளமான பதிவு, ஆறுதலாக வாசியுங்கள்.

ஊர்காவற்றுறையில் படிப்பிக்கிற எங்களிடம் ஒரு பிள்ளை கேட்டாள்: "சேர், அடுப்புச் சாம்பலால சட்டி துலங்குது. ஊத்தைத் தண்ணி துலங்காதா?"

வகுப்பு சிரித்தது. நாங்கள் சிரிக்கவில்லை. அந்தக் கேள்விக்குள் எங்கள் சரித்திரமும் கொஞ்சம் இருக்கிறது.

1990 ஒக்டோபர் 30. யாழ்ப்பாணத்து முஸ்லிம்களான எங்களுக்குப் புலிகள் கொடுத்த தவணை இரண்டு மணித்தியாலம். எங்களில் கனபேர் போய்ச் சேர்ந்தது புத்தளம், கற்பிட்டிப் பக்கம். ஓலைக் கொட்டில்களில் பிள்ளைகளை வளர்த்தோம். அந்தக் கற்பிட்டிக் குடாநாட்டில்தான் நுரைச்சோலை இருக்கிறது. 2011 மார்ச்சில் அங்கே 300 மெகாவோட் நிலக்கரி மின்நிலையம் திறந்தார்கள். 2014இல் அது 900 மெகாவோட் ஆனது.

நிலக்கரி எரிந்தால் புகையோடு மாவு போன்ற சாம்பல் பறக்கும். அதைப் புகைபோக்கிக்குப் போகுமுன் மின்சாரத்தால் இழுத்துப் பிடிக்கிறார்கள். அதில் ஒரு பங்கு சிமெந்துக்குப் போகிறது. குவித்து வைத்த சாம்பல் காற்றுக்குப் பறந்து வீட்டிலும் தோட்டத்திலும் படிகிறது என்று அயல் ஊரார் முறையிட்டதும் செய்திகளில் வந்ததுதான்.

அந்தச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்காவும் அலுமினாவும். 1756இல் சுவீடன்காரர் குரோன்ஸ்டெட் ஒரு கல்லைச் சூடாக்க, அது நீராவி விட்டுக் கொதித்தது. 'கொதிக்கும் கல்' என்ற கருத்தில் சியோலைட் என்று பெயர் வைத்தார். அந்தக் கல்லும் சிலிக்கா, அலுமினாவால் ஆனதே. 1985இல் ஹோலர், விர்ஷிங் என்ற இரண்டு ஜேர்மன் ஆய்வாளர்கள், நிலக்கரிச் சாம்பலைக் காரக் கரைசலில் சூடாக்கி சியோலைட் செய்யலாம் என்று காட்டினார்கள். அதன் நுண்ணிய துளைகளில் சோடியம் இருக்கும். கழிவுநீர் ஓடும்போது அது சோடியத்தை விட்டுவிட்டு அமோனியத்தையும் ஈயத்தையும் பிடித்துக்கொள்ளும்.

இது தீவகத்துக்கு ஏன் முக்கியம்? எங்கள் நிலம் சுண்ணாம்புக் கல். நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. அதே வளவில் மலசலகூடக் குழியும் கிணறும். குழியிலிருந்து கசியும் அமோனியம் மண்ணில் நைத்திரேற்றாக மாறிக் கிணற்றுக்குள் இறங்குகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதற்கு மேல் போனால் கைக்குழந்தைகளின் இரத்தம் ஒட்சிசன் சுமக்க முடியாமல் உடல் நீலம் பாரிக்கலாம்.

நைத்திரேற்று எதிர் ஏற்றம் உள்ளது. சாதாரண சியோலைட் அதைப் பிடிக்காது. ஆகவே கிணற்றில் வடிகட்டிப் பிரயோசனமில்லை. அமோனியமாக இருக்கும்போதே, குழியை விட்டு வெளியேறுமுன் பிடிக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. நிலக்கரிச் சாம்பல் எங்கள் விறகுச் சாம்பல் அல்ல. அதில் ஆசனிக்கும் குரோமியமும் இருக்கலாம், தண்ணீரில் கரைந்து வரலாம். ஆய்வுகூடத்தில் சோதிக்காமல் ஒரு பிடிகூடக் கிணற்றுப் பக்கம் கொண்டுவரக் கூடாது.

பிள்ளைக்கு இப்படிச் சொன்னோம்: "துலங்கும் மகள். ஆனா சாம்பலைச் சமைச்சு, சோதிச்சு, சரியான இடத்தில வைச்சால்தான்."

அதுவரை எங்கள் கையில் இருப்பது, அடிப்பக்கம் பூசி அடைத்த குழியும் கிணற்றிலிருந்து எவ்வளவு தூரம் என்ற கணக்கும். புதுவீடு கட்டுகிறவர்கள் முதலில் அதை அளவுங்கள். புத்தளத்தில் தண்ணீருக்கு வரிசையில் நின்ற நாங்கள், திரும்பி வந்த மண்ணின் தண்ணீரை எங்கள் கையாலேயே கெடுக்கலாமா?