வாளின் வடுவும் வரலாறே

ஐதராபாத்து மாநகரில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பத்தாருள் சாலார் ஜங் அருங்காட்சியகத்தைக் காணாதார் மிகச் சிலரே. ஊரிலிருந்து உறவினர் வந்தால் முதல்நாள் சார்மினார், மறுநாள் அருங்காட்சியகம் என்பது நம் வீடுகளில் எழுதாச் சட்டம். அங்கே மணிதோறும் கடிகாரத்தினுள்ளிருந்து வெளிப்பட்டு மணியடிக்கும் சிறு பொம்மையைக் காணப் பெருங்கூட்டம் கூடும். முகத்திரை அணிந்த ரெபெக்காளின் பளிங்குச் சிலைமுன் அனைவரும் வியந்து நிற்பர். படைக்கலக் கூடத்திலோ நின்று பார்ப்பார் குறைவு. “ஔரங்கசீப்பின் வாள் எது?” என்று கேட்டுவிட்டுச் சிறுவர் அடுத்த கூடத்துக்கு ஓடிவிடுவர். யாமும் பல்லாண்டுகள் அவ்வாறே கடந்து சென்றவர்தாம். அக்கூடத்தில் நின்று பார்க்க எமக்குக் கற்பித்தது யாமே செய்த ஒரு தவறு. அதனைப் பின்னர்ச் சொல்லுவோம். முன்னர் அவ்வாள்களின் வரலாற்றைச் சிறிது காண்போம்.

மூன்றாம் சாலார் ஜங் என வழங்கப்பெற்ற மீர் யூசுப் அலிகான் 1889-ஆம் ஆண்டு பிறந்தவர். 1912 முதல் 1914 வரை நிசாமின் திவானாகப் பணியாற்றிப் பதவியை விடுத்தபின், தம் வாழ்நாளையும் செல்வத்தையும் அரும்பொருள்களைத் தொகுப்பதிலேயே செலவிட்டார். மணம் செய்துகொள்ளாத அவர் 1949 மார்ச்சு 2-ஆம் நாள் மறைந்தார். அவர் தொகுத்தவை 1951 டிசம்பர் 16-ஆம் நாள் திவான் தேவடி மாளிகையில் நேரு அவர்களால் பொதுமக்களுக்குத் திறந்துவைக்கப்பட்டன. 1961-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் அந்நிலையம் தேசியச் சிறப்புப் பெற்றது. 1968-இல் மூசி ஆற்றங்கரையிலுள்ள இன்றைய கட்டடத்துக்குப் பெயர்ந்தது. ஆங்குள்ள 40,000-க்கும் மேற்பட்ட பொருள்களுள் முகலாயப் பேரரசர்க்கும் திப்பு சுல்தானுக்கும் உரியனவாகச் சொல்லப்படும் படைக்கலங்கள் உள. கீழைத்தேயப் பொருள்களிடையே ஜப்பானிய வீரராகிய சாமுராய்களின் வாள்களும் உள.

இவ்வாள்களைக் காணும் தமிழர், “நமக்கும் இவற்றுக்கும் யாது தொடர்பு?” என எண்ணுதல் கூடும். தொடர்பு மிக நெருங்கியது. உலகம் போற்றிய வாளுருக்கு இந்தத் தென்னாட்டில் பிறந்தது. இரும்பையும் மரத்துண்டு, இலை முதலியவற்றையும் சிறு மண்குகையில் இட்டு, வாயை மூடி, உலையில் நெடுநேரம் காய்ச்சி, மெல்ல ஆறவிட்டு எடுப்பர். அவ்வாறு எடுத்த கட்டியே உருக்கு. மேலைநாட்டார் அதனை ‘ஊட்ஸ்’ என்றனர். அப்பெயர் கன்னடத்து ‘உக்கு’ என்னும் சொல்லிலிருந்து திரிந்தது என்பர். நம் ‘உருக்கு’ அதற்கு உடன்பிறப்பு. ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் நிகழ்ந்த அகழ்வாய்வுகளில் பண்டை இரும்பு உருக்குத் தொழிலின் உலைகள் வெளிப்பட்டன.

நாம் இன்று வாழும் தெலுங்கானமும் இத்தொழிலில் குறைந்ததன்று. கோல்கொண்டா நாட்டு உருக்கே பாரசீகத்தில் வரியோடும் வாள்களுக்கு ஏற்றதெனப் பதினேழாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு வணிகர் தவர்னியே எழுதியுள்ளார். நிசாமாபாத்துப் பகுதியிலுள்ள கோனசமுத்திரம் என்னும் சிற்றூரில் இவ்வுருக்குச் செய்யப்பட்ட முறையை 1820-களில் மருத்துவர் வாய்சி நேரில் கண்டு குறித்துவைத்தார். இஸ்பகான் நகரத்து வணிகர் ஒருவர் அவ்வுருக்கை வாங்க அத்துணைத் தொலைவு கடந்து அவ்வூருக்கு வந்திருந்தமையும் அவர் குறிப்பால் தெரிகிறது. இலண்டனில் அறிவியலறிஞர் பாரடே 1819-இல் இந்திய உருக்கை ஆராய்ந்தார்.

இவ்வுருக்கால் அடித்த வாளின் அலகில் ஓடும் நீரின் அலைபோன்ற வரிகள் தோன்றும். பாரசீகத்தாரும் உருதுவினரும் அவற்றை ‘ஜௌஹர்’ என்றனர். மணி என்றும் சாரம் என்றும் அச்சொல்லுக்குப் பொருள். அவ்வரி எழுதியதன்று, செதுக்கியதுமன்று. உருக்கின் உள்ளமைப்பே மென்மையான காடித்தன்மையால் மேலே புலப்படுவது. ஆகவே அலகை மணலும் பொடியும் இட்டுத் தேய்த்தால் பளபளப்பு மிகும், வரி மறையும். அறியாதார் அதனைத் தூய்மை என்று மகிழ்வர்.

வாளின் உறுப்புகளும் அத்தன்மையனவே. நம் நாட்டு வாளின் பிடியில் முதலில் கத்தியால் நெருக்கமாகக் கீறி, அக்கீறலின்மேல் மெல்லிய பொற்கம்பியை வைத்துத் தட்டிப் பதிப்பர். அதற்குக் கோப்துகரி என்று பெயர். அப்பொன் மிக மெல்லிய படலமாதலின், பல முறை துடைத்தால் துணியோடு போய்விடும். அலகின் வால்பகுதி பிடியினுள் அரக்கால் பொருத்தப்பட்டிருக்கும். சூடு பட்டால் அரக்கு இளகிப் பிடி கழன்றுவிடும்.

ஜப்பானியர் முறை வேறு. அவர் ஆற்றுமணல் போன்ற இரும்புமணலிலிருந்து எஃகு எடுத்து, பலமுறை மடித்தடித்து, அலகின்மேல் களிமண் பூசி நீரில் தோய்ப்பர். அதனால் வாய்ப்புறம் கடினமாகவும் முதுகுப்புறம் மென்மையாகவும் அமையும். இரண்டுக்கும் இடையே மூடுபனி போன்ற ஒரு கோடு தோன்றும். நெடுவாளைக் ‘கட்டானா’ என்றும் அதனோடு அணியும் குறுவாளை ‘வாக்கிசாசி’ என்றும் வழங்குவர். கைக்கும் அலகுக்கும் இடையிலுள்ள வட்டத் தகடு ‘சூபா’ எனப்படும். அத்தகட்டில் கொக்கும் நாணலும் மலையும் அலையும் செதுக்கிய கலைஞர் தனிமரபினர். பிடியை அலகோடு இணைப்பது ஒரு சிறு மூங்கில் ஆணியே. அதனைத் தட்டி எடுத்தால் பிடி கழலும். உள்ளே அலகின் வால்பகுதியில் கொல்லன் தன் பெயரை வெட்டியிருப்பான்.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. ஜப்பானியர் அலகைக் கண்ணாடிபோலக் காப்பர். ஆயின் பெயர் வெட்டிய வால்பகுதியின் துருவை ஒருபோதும் தேய்த்தெடுக்கமாட்டார். அத்துருவின் நிறத்தைக் கொண்டே வாளின் வயதை மதிப்பிடுவர். துரு நீங்கினால் வாளின் மதிப்பும் உடன் நீங்கும். நாம் அழுக்கு என்பதனை அவர் சான்று என்கின்றனர்.

நம் நாட்டிலும் இத்தகைய சான்றுகள் உள. இராசபுத்தானத்துப் பிகானேர் அரசரின் ஆயுதச்சாலை வாள்கள் சிலவற்றில் புள்ளி புள்ளியாகக் குத்திய எழுத்துகள் காணப்படுகின்றன. 1689-இல் அரசர் அனுப்சிங் ஆதோனிக் கோட்டையில் கைக்கொண்டவை அவை என்பது அவ்வெழுத்துகளால் விளங்குகிறது. குண்டக்கலிலிருந்து இராய்ச்சூர் செல்லும் வண்டியில் ஆதோனி நிலையத்தை நம்முள் பலர் கடந்திருப்போம். அப்புள்ளிகள் இல்லையாயின், தக்கணத்து வாள்கள் பாலைநிலத்துக்குச் சென்ற வழி நமக்குத் தெரியவந்திராது. புகைவண்டிப் பொதிச்சாலையில் ஊழியம் செய்வார் இதனை எளிதில் உணர்வர். பொதியின்மேல் ஊரும் பேரும் உள்ளவரை அது ஒருவருடைய உடைமை. எழுத்து அழிந்துவிட்டால் அது உரியவரற்ற சரக்கு.

இனி எமது தவற்றைச் சொல்லுவோம். தஞ்சை மாவட்டத்திலுள்ள எம் பாட்டனார் இல்லத்துப் பூசையறையில் பழைய வாள் ஒன்று இருந்தது. எமக்குப் பதினைந்து வயதிருக்கும்போது, ஆயுதபூசைக்கு முன்னாள், வீட்டிலுள்ள இரும்புப் பொருள்களைத் துலக்கும் பணியைப் பெரியப்பா எமக்கும் தம்பிக்கும் இட்டார். அரிவாள், கடப்பாரை ஆகியவற்றோடு அவ்வாளையும் எடுத்துப் புளியும் செங்கற்பொடியும் இட்டு முழுப் பிற்பகலும் தேய்த்தோம். பிடியை அடுத்து, அலகின்மேல், மஞ்சள் நிறமாக ஏதோ எழுத்து ஒரு வரி இருந்தது. அதுவும் கறையென்றே எண்ணித் தேய்த்தோம். மாலையில் வாள் புத்தம் புதியதாக மின்னியது. பெரியப்பா எம் இருவரையும் தட்டிக்கொடுத்தார். பாட்டியார் மட்டும் அதனைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, “இங்கே எழுத்து இருந்ததேடா” என்றார். அவர்க்குப் படிக்கத் தெரியாது. அவ்வெழுத்து தமிழோ, மோடியோ, பாரசீகமோ, யாரும் படித்தறிந்ததில்லை. எம் முன்னோர் ஒருவர் தஞ்சை அரண்மனையில் ஊழியம் செய்தார் என்னும் செவிவழிச் செய்தி எம் குடும்பத்தில் உண்டு. அதனை மெய்யென்றோ பொய்யென்றோ நிறுவத்தக்க சான்று உலகில் அந்த ஒரு வரியே. அதனை எம் கையாலேயே அழித்தோம். சாலார் ஜங் கூடத்தில் பொன்னெழுத்துப் பொறித்த வாளொன்றின்முன் முதன்முறை நின்றபோதுதான் யாம் அழித்தது இன்னதென்று எமக்கு விளங்கிற்று.

ஒரு வீட்டில் நிகழ்ந்தது ஓர் அரசிலும் நிகழ்ந்ததுண்டு. 1855-இல் தஞ்சை மராட்டிய அரசு ஆங்கிலேயர் வசமாயிற்று. அரண்மனை ஆயுதச்சாலையில் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்திருந்த வாள்களும் ஈட்டிகளும் குத்துவாள்களும் 1860-களில் உடைத்துப் பழைய இரும்பாக விற்கப்பட்டன. சென்னை மாகாணத்தில் ஆட்சிப்பணி புரிந்த வால்ஹவுஸ் என்பார் இடையிட்டமையால், சிறந்தவை சில முதலில் தேர்ந்தெடுக்கப்பட்டுச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. இன்று உலக அறிஞர் தென்னாட்டுப் படைக்கலங்களை ஆராய எழும்பூருக்கு வருகின்றனர். அங்குள்ள வாள்கள் பலவற்றில் பிடி நம் நாட்டு வேலை. அலகோ ஐரோப்பாவிலிருந்து வந்த பரங்கி அலகு. கடல்வாணிகத்தின் கதையே ஒரு வாளில் அடங்கியுள்ளது. எடைக்குப் போன வாள்கள் என்ன கதை சொல்லியிருக்கும் என்பதை இனி யார் அறிவார்?

ஜப்பானியர்க்கும் இத்தகைய இடுக்கண் நேர்ந்தது. 1876-இல் பொதுவிடத்தில் வாள் அணிதல் அங்குச் சட்டத்தால் தடுக்கப்பட்டது. சூபா செதுக்கிய கலைஞர் பலர் பூச்சாடியும் பேழையும் செய்து அயல்நாட்டுக்கு விற்றுப் பிழைத்தனர். 1945-இல் போரில் தோற்றபின் வாள்கள் திரள்திரளாகப் பறிக்கப்பட்டு அழிக்கப்பட்டன. கலைவாள்களையேனும் காக்கவேண்டும் என அந்நாட்டு அறிஞர் மன்றாடினர். 1948-இல் ஜப்பானியக் கலைவாள் பாதுகாப்புச் சங்கம் நிறுவப்பெற்றது.

அந்நாட்டு வாளைப் புகழ்வதைக் கேட்டு நம்முள் சிலர் முகம் சுளிக்கலாம். அதற்குக் காரணம் உண்டு. 1942-43-இல் சயாம்–பர்மா இருப்புப்பாதை 415 கிலோமீட்டர் அமைக்கப்பட்டபோது, மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட எண்ணற்ற தமிழர் அங்கே மாண்டனர். இருப்புப்பாதையால் உண்ணும் எம்போன்றார் அதனை மறத்தல் ஆகாது. அக்காலப் படையதிகாரிகள் இடையில் தொங்கிய வாள்களுள் மிகப் பல தொழிற்சாலையில் திரளாகச் செய்தவை. பழங்கொல்லர் கைவேலை அல்ல. ஆயினும் வாளைக் காப்பது வாளேந்தியவனைப் போற்றுவதற்கு அன்று. நிகழ்ந்தது நிகழ்ந்தவாறே தெரியவேண்டும் என்பதற்கே. அழகும் கொடுமையும் ஒரே இரும்பில் இருந்தன என்பதை, இரும்பு இருந்தாலன்றி எவ்வாறு காட்டுவது?

பழைய வாளோ குத்துவாளோ குலப்பொருளாக உடையார் செய்யத்தக்கன சில. அலகை வெறுங்கையால் தொடற்க. வியர்வையே துருவுக்கு வித்து. புளி, எலுமிச்சை, செங்கற்பொடி, மெருகுக் களிம்பு ஆகியவற்றை அணுகவிடற்க. உலர்ந்த மென்துணியால் துடைத்து, காடியற்ற மெல்லிய எண்ணெயை ஒரு படலமாக இடுதல் போதும். மழைக்காலத்தில் தோலுறையினுள் நெடுநாள் வைத்தல் ஆகாது. தோல் ஈரத்தை ஈர்த்து அலகை அரிக்கும். வெந்நீரும் வெயிலும் பிடியின் அரக்குக்குப் பகை. எழுத்தோ புள்ளியோ கண்டால் முதலில் படம் எடுத்துவைக்க; பின்னர் அறிந்தாரிடம் காட்டுக. நூறாண்டு கடந்த அரும்பொருளைத் தனியார் அயல்நாட்டுக்கு அனுப்புதல் 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளது என்பதையும் மனத்திற்கொள்க.

வாள் எல்லார் வீட்டிலும் இராது. ஆயின் ஊரைவிட்டு வந்த நம் ஒவ்வொருவர் வீட்டிலும், பெட்டியின் அடியில், பாட்டியின் பித்தளைச் சொம்போ, எழுத்தாணியோ, பாக்குவெட்டியோ இருக்கும். அடுத்த ஆயுதபூசையில் அதனைத் துலக்கக் கையெடுக்குமுன், அதன்மேல் எழுத்து உண்டா என்று ஒருமுறை வெளிச்சத்தில் பார்க்குமாறு அன்பர்களை வேண்டிக்கொள்கிறோம். வீட்டில் பாட்டியார் இருப்பின், அவரை முதலில் கேட்டல் நலம்.