எந்தப் படம் நிற்கிறது?

1

ஒரு புகைப்படக்காரர் தன் பழைய படங்களைத் திரும்பிப் பார்த்து 'இது நிற்கிறது, இது நிற்கவில்லை' என்று பிரிப்பதை நாம் வெறும் ரசனைக் காரியமாகவே பேசி வந்திருக்கிறோம். எனக்கு அது வரலாற்றுக் காரியமாகப் படுகிறது. ஷட்டரை அழுத்துவது முதல் தேர்வு. பல வருடம் கழித்து நெகட்டிவை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்ப்பது இரண்டாவது தேர்வு. நம் கைக்கு வந்திருக்கும் காட்சி வரலாறு பெரும்பாலும் இந்த இரண்டாவது தேர்வில் தப்பியவைதான். கழிக்கப்பட்டவை டப்பாவுக்குள் கிடக்கின்றன, அல்லது குப்பைக்குப் போய்விட்டன. பிரித்தவர் யார், எந்த அளவுகோலை வைத்துப் பிரித்தார் என்று கேட்காமல் புகைப்பட அழகியல் பேசுவது பாதிப் பேச்சு.

ஹென்றி கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் (1908-2004) இப்படி விடாமல் திரும்பிப் பார்த்தவர். இரண்டாம் உலகப் போர் தொடங்கும் சமயத்திலேயே தன் பழைய நெகட்டிவ்களில் வேண்டாதவற்றை அழித்து, வேண்டியவற்றை மட்டும் வெட்டி வைத்துக்கொண்டார். 1940இல் ஜெர்மானியரிடம் போர்க்கைதியாகி 1943இல் தப்பினார். ஆள் இறந்துவிட்டார் என்று நினைத்து நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அஞ்சலிக் கண்காட்சிக்குத் திட்டமிட, அவரோ உயிரோடு வந்து நின்றார். 1946இல் சுமார் 300 படங்களைச் சின்னதாகப் பிரிண்ட் போட்டு, ஒரு ஒட்டுப் புத்தகத்தில் ஒட்டி எடுத்துப் போனார். 1947இல் கண்காட்சி நடந்தது. 1970களின் தொடக்கத்தில், நண்பர்கள் கேட்டுக்கொண்டதன் பேரில், வாழ்நாள் வேலையிலிருந்து 385 படங்களைப் பொறுக்கித் தந்தார். அதற்குள் அவர் மனம் காமெராவை விட்டுப் பென்சில் சித்திரத்துக்குத் திரும்பியிருந்தது.

அவருடைய அளவுகோல் ரகசியம் ஒன்றுமில்லை. இளவயதில் ஓவியர் ஆந்த்ரே லோத்திடம் கற்ற வடிவக் கணக்கு அது. கோடு, வளைவு, இருட்டு, வெளிச்சம், ஒரு மனித அசைவு எல்லாம் ஒரு கணத்தில் ஒன்றையொன்று தாங்கி நிற்க வேண்டும். சட்டகத்தை அப்புறம் வெட்டித் திருத்துவதை அவர் ஏற்கமாட்டார். 1952இல் வந்த அவருடைய புத்தகத்தின் ஆங்கிலப் பதிப்பு 'தீர்மானகரமான கணம்' என்ற தொடரை உலகத்துக்கே பரப்பியது. தீர்மானிப்பது கணமா, ஆளா என்பதுதான் என் கேள்வி.

2

இந்தக் கேள்விக்கு எங்கள் பக்கத்தோடு ஒரு தொடர்பு உண்டு. கூட்டேரிப்பட்டு, திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே சென்னை-திருச்சி நெடுஞ்சாலையில் உள்ள ஊர். கிழக்கே மயிலம், அதைத் தாண்டிப் புதுச்சேரி. மேற்கே செஞ்சி, அதைத் தாண்டித் திருவண்ணாமலை. 1950 ஏப்ரல் 14 இரவு ரமணர் இறந்தபோது கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் திருவண்ணாமலையில் இருந்தார். அதே மாதத்தில் புதுச்சேரி போய் அரவிந்தரைப் படமெடுத்தார். அரவிந்தர் அந்த டிசம்பரில் இறந்துபோனார். திருவண்ணாமலையிலிருந்து புதுச்சேரிக்குச் சாலை வழியாகப் போகிற எவரும் இந்த நெடுஞ்சாலையை எங்கேயாவது குறுக்கே கடந்தாக வேண்டும். இரயில் என்றால் விழுப்புரம் வழியாகப் போக வேண்டும். இரண்டு மகான்களுக்கு நடுவில் இருந்தது எங்கள் மண். பெயரோடு படத்தில் நிற்பவர்கள் அந்த இரண்டு முனைகளும்தான்.

அதே 1950இல் அவர் மதுரையில் எடுத்த ஒரு படம் உண்டு. எலும்பும் தோலுமாக ஒரு குழந்தை, தாயின் கை, பக்கத்தில் ஒரு வண்டிச் சக்கரம். பார்த்த மாத்திரத்தில் கண்ணில் அறைகிற படம். ஏன் அறைகிறது? குழந்தையின் விலா எலும்பும் சக்கரத்தின் ஆரக்காலும் ஒன்றுக்கொன்று எதிரொலிக்கின்றன. சக்கரத்தின் வட்டம் உடலின் நலிவைச் சுற்றி ஒரு வேலி போடுகிறது. வடிவக் கணக்கு துளி பிசகவில்லை. எனக்குச் சங்கடமும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. பசி இங்கே ஒரு கோடாக மாறிவிட்டது. தலைப்போ ஊரும் வருடமும் மட்டும்: மதுரை, 1950. ரமணருக்கும் அரவிந்தருக்கும் பெயர் உண்டு. இந்தக் குழந்தைக்கு ஊர் மட்டும்தான்.

வடிவமே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. வடிவம் இல்லாவிட்டால் 1950இன் அந்தப் பசியை இன்றைக்கு நான் பார்த்திருக்கவே மாட்டேன். படம் நிற்பதற்கான காரணமும் பெயர் தொலைந்ததற்கான காரணமும் ஒரே பார்வைக்குள் இருக்கின்றன என்பதைத்தான் சொல்கிறேன்.

3

இந்தப் பார்வைக்கு ஒரு முன்வரலாறு உண்டு. 1876-78 சென்னை மாகாணப் பஞ்சத்தில் வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்கிற படை அதிகாரி பட்டினியில் வற்றியவர்களை வரிசையாக உட்காரவைத்துப் படமெடுத்தார். குடும்பப் புகைப்படத்துக்கு உட்காரவைப்பதுபோலவே முன்வரிசை, பின்வரிசை. விலா எலும்பு தெளிவாகத் தெரிகிறது, பெயர் இல்லை. இதே ஹூப்பர் பின்னால் மாந்தலேயில் பர்மியர்கள் சுட்டுக் கொல்லப்படும்போது காமெராவைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றதற்காகக் கண்டிக்கப்பட்டார். அவருக்கும் ஒரு 'கணம்' தேவைப்பட்டது. கார்த்தியே-ப்ரெஸ்ஸோனை ஹூப்பரோடு சேர்த்துக் கட்டுவது அநியாயம். ஒருவர் காலனியப் படையின் ஆள், இன்னொருவர் நாஜி முகாமிலிருந்து தப்பியவர். ஆனாலும் பசித்த உடலுக்குப் பெயர் தேவையில்லை என்ற பழக்கம் இருவருக்கும் நடுவே அறுபடாமல் ஓடுகிறது.

டொரோதியா லாங்கின் கதை இதைவிடத் தெளிவு. 1936 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் நிப்போமோவில், பட்டாணி பறிக்கும் கூலிகள் தங்கியிருந்த இடத்தில், ஒரு தாயையும் குழந்தைகளையும் சில நிமிடங்களில் படமெடுத்துவிட்டுப் போனார். 'புலம்பெயர் தாய்' என்று உலகம் அறிந்த படம் அது. ஓரத்தில் கூடாரக் கம்பைப் பிடித்திருந்த தாயின் கட்டைவிரல் உறுத்துகிறது என்று 1939இல் நெகட்டிவிலேயே அதை மறைக்க வைத்தார். 1960இல் அந்தப் படத்தைத் திரும்பிப் பார்த்து எழுதியபோது, அந்தப் பெண்ணின் பெயரையோ கதையையோ தான் கேட்கவில்லை என்று சொன்னார். விரலைக் கவனித்த கண் பெயரைக் கேட்கவில்லை. ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன் என்ற அந்தச் செரோக்கிப் பழங்குடிப் பெண் 1978இல்தான் உள்ளூர்ப் பத்திரிகை வழியாக வெளியே வந்தார். படத்தால் தனக்கு ஒரு காசு கிடைக்கவில்லை என்றார். 1983இல் அவர் நோயில் விழுந்தபோது பிள்ளைகள் பொதுமக்களிடம் உதவி கேட்க, 30 ஆயிரம் டாலருக்கு மேல் சேர்ந்தது. 47 வருடம் உலகத்தையே அழவைத்த முகத்துக்கு, பெயர் கிடைத்த பிறகுதான் மருத்துவச் செலவுக்குப் பணம் வந்தது.

4

கூட்டேரிப்பட்டில் பல வருடம் ஸ்டூடியோ நடத்திய ஒருவரிடம், உங்கள் படங்களிலேயே உங்களுக்குப் பிடித்தது எது, ஏன் என்று கேட்டேன். டார்க் ரூம் போய்விட்டது, நெகட்டிவ் கட்டுகள் மட்டும் தகரப் பெட்டியில் இருக்கின்றன. நிறையத் தேடாமல் ஒன்றை எடுத்தார். காலனியிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

"இவரு நல்ல கறுப்பு. வெள்ளச் சட்ட போட்டுக்கினு வந்துட்டாரு. சட்டைக்கு வெளிச்சம் வெச்சா மூஞ்சி போயிடும், மூஞ்சிக்கு வெச்சா சட்ட வெளுத்துடும். லைட்ட ஒரு பக்கமா தள்ளி வெச்சேன். பென்சிலே வெக்கல. கறுப்ப கறுப்பாவே புடிச்சேன். அதான் நின்னுச்சு."

காலை? "நான் சொல்லல, அவரே போட்டாரு."

ஊர்த் தெருவில், ஆதிக்க சாதிக்காரர் முன்னால், அந்தத் தலைமுறையில் ஒரு தலித் நாற்காலியில் அப்படி உட்கார்ந்துவிட முடியாது. ஸ்டூடியோ கதவைச் சாத்திய பிறகு கிடைத்த ஐந்து நிமிடத்தில் அவர் உட்கார்ந்தார். இங்கே கணத்தைத் தீர்மானித்தவர் படத்தில் இருப்பவர். படமெடுத்தவர் வெளிச்சத்தை அதற்குத் தகுந்த மாதிரி தள்ளி வைத்தார். தொழில்நுட்பமும் அரசியலும் வேறுவேறு என்று வகுப்பெடுப்பவர்கள் இந்த நெகட்டிவைப் பார்க்க வேண்டும். முகத்தில் பென்சில் வைக்காமல் விட்டது ஒரு தொழில்நுட்ப முடிவு. கறுப்பு மூடி மறைக்க வேண்டிய குறையில்லை என்ற முடிவும் அதுவே.

ஒவ்வொரு உறையிலும் பெயர், ஊர், எண். ஏன் என்றேன். "பேரு இல்லாத நெகட்டிவ வெச்சிக்கினு என்னா பண்றது? யாருன்னு தெரியாம யாருக்குப் பிரிண்ட் போட்டுத் தர்றது?" பெரியவர் இறந்த பிறகு குடும்பத்தார் வந்து கேட்டுப் பெரிதாகப் போட்டு வாங்கிப் போனார்களாம்.

இதை வைத்து ஸ்டூடியோவைப் புனிதமாக்கிவிட முடியாது. இதே கை, பெண் பார்க்கும் படங்களில் பென்சிலால் தேய்த்துத் தேய்த்து நிறத்தைத் தூக்கியிருக்கிறது. திரும்பக் கேட்டு வராதவர்களின் நெகட்டிவ்கள் இடம் இல்லாமல் எறியப்பட்டும் இருக்கின்றன. அவருடைய தேர்விலும் கழிவு உண்டு. ஆனால் அளவுகோல் வேறு: யாராவது இந்த முகத்தைத் தேடி வருவார்களா என்பது.

5

சாதாரண ஸ்டூடியோ படத்துக்கு இரண்டாவது உயிர் வருவதை எங்கள் மாவட்டம் நன்றாக அறியும். 1987 செப்டம்பரில் ஒரு வாரம் நடந்த வன்னியர் சங்கச் சாலை மறியலில் 21 பேர் உயிரிழந்தார்கள். அடையாள அட்டை அளவிலான அவர்களுடைய முகங்கள் பின்னால் ஆண்டுதோறும் சுவரொட்டியில் ஏறின. 2025இல் விழுப்புரத்தில் அரசே மணிமண்டபம் திறந்தது. அதே மறியல் வாரத்தில் எரிக்கப்பட்ட தலித் குடிசைகளுக்குள்ளும் சட்டம் போட்ட படங்கள் மாட்டியிருந்திருக்கும். 1978 ஜூலையில் விழுப்புரத்தில் 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். அவர்களுடைய முகங்களை நாம் எத்தனை சுவர்களில் பார்த்திருக்கிறோம்? எண் தெரிகிறது, முகம் தெரியவில்லை. மதுரைக் குழந்தைக்கு முகம் உண்டு, பெயர் இல்லை. இரண்டும் ஒரே அழிப்பின் இரண்டு வகைகள்.

நம் சிறுபத்திரிகைகளும் இதற்கு வெளியே இல்லை. சுருக்கம் விழுந்த ஒரு கறுத்த முகத்தை அட்டையில் போட்டு, உள்ளே ஓவியர் பெயரும் புகைப்படக்காரர் பெயரும் அச்சிட்டு, அந்த முகத்துக்கு உரியவரை 'ஒரு விவசாயி', 'ஒரு தலித் மூதாட்டி' என்று விட்டுவிடுவது நமக்கு வழக்கமாகிவிட்டது. பெயர் சொன்னால் ஆபத்து வரும் இடங்கள் உண்டு. அங்கே மறைக்கத்தான் வேண்டும். ஆனால் மறைப்பதா வேண்டாமா என்பதை அந்த ஆளிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும். கேட்காமலே விட்டுவிட்டு அதற்கு அழகியல் என்று பெயர் வைப்பது ஹூப்பரின் பழக்கம்.

எனவே தோழர்கள் தங்கள் பழைய படங்களைத் திரும்பிப் பார்க்கும்போது, எது நிற்கிறது என்று பார்ப்பதோடு, யார் நிற்கிறார் என்றும் எழுதி வைக்கச் சொல்கிறேன். ஊர்வலம், மறியல், எரிந்த தெரு, உண்மை அறியும் குழு என்று நம்மிடம் கட்டுக் கட்டாக இருக்கிறது. உறைமேல் எழுதத் தெரிந்தவர்கள் இன்னும் அந்தந்த ஊரில் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களும் போன பிறகு நம் கையில் மிஞ்சுவது நல்ல வடிவம் கொண்ட வெறும் படங்கள்தான்.